ஆக்சியான் தேட இரண்டு கண்ணாடி கேவிட்டி போதாதா?

கேள்வி:
கரும்பொருள் ஆக்சியானாக (இருக்கலாம் என்று கருதப்படும் மிக லேசான துகள்) இருந்தால் லேசரின் போலரைசேஷன் தளம், அதாவது ஒளியலையின் மின்புலம் அதிரும் தளம், துளியளவு அங்குமிங்கும் ஊசலாடும். ஒளியைக் கேவிட்டிக்குள் (எதிரெதிர் கண்ணாடிகளுக்கிடையே) பலமுறை ஓடவிட்டால் அந்த ஊசலாட்டம் பெருகத்தானே வேண்டும்? பிறகு ஏன் நான்கு கண்ணாடி வைத்த, ஒளி போ-டை வடிவில் குறுக்காகச் சுற்றிவரும் போ-டை கேவிட்டி? இதே கருவியில் ஈர்ப்பு அலையும் தெரியுமா?

பதில் 1:
கண்ணாடியில் நேராகப் பட்டுத் திரும்பும்போது வலச்சுழல் ஒளி (மின்புலம் வலப்பக்கமாகச் சுழலும் ஒளி) இடச்சுழலாகிவிடும். போகையில் சேர்ந்த தளச் சுழற்சி வருகையில் கழிந்துவிடும். போ-டையில் முனைக்கு இரண்டு கண்ணாடி. இருமுறை புரண்டு பழைய சுழலோடே நீண்ட பாதையில் ஓடுவதால் சுழற்சி கூடிக்கொண்டே போகும்.

சிக்கல் வேறிடத்தில். சாய்வாகப் படும்போது ஒன்றுக்கொன்று செங்குத்தான எஸ், பி போலரைசேஷன் இரண்டுக்கும் பிரதிபலிப்புக் கட்டம் வேறுபடும். உள்ளே விடும் எஸ் ஒளி ஒத்ததிரும்போது, சிக்னல் இருக்கும் பி ஒத்ததிராது. டோக்கியோவின் டான்ஸ் (DANCE) என்ற ஆக்சியான் தேடும் சோதனையின் உணர்திறனைக் குறைத்தது இதுதான். பர்மிங்ஹாமின் லிடா (LIDA) கருவி எஸ், பிக்கு இடையிலான அந்தப் பிளவையே பயன்படுத்திக்கொண்டு ஆக்சியான் நிறை 2 நானோ எலக்ட்ரான்வோல்ட், ஊசலாட்ட அதிர்வெண்ணில் சொன்னால் சுமார் 480 கிலோஹெர்ட்ஸ் அருகே தேடியது.

பதில் 2:
வெளியே அளக்கும் பகுதியையும் கவனியுங்கள். போலரைசேஷன் தளத்தைத் திருப்பும் ஹாஃப்-வேவ் பிளேட்டைச் சற்றே திருப்பி, பி பக்கம் கொஞ்சம் ஒளியை வேண்டுமென்றே கசியவிட வேண்டும். அதோடு மோதித்தான் சிக்னல் தெரியும். 1064 நானோமீட்டரில் 10 மில்லிவாட்டுக்கு ஷாட் நாய்ஸ் (ஒளித்துகள்கள் ஒழுங்கின்றி வருவதால் எழும் இரைச்சல்) எல்லை ரூட் ஹெர்ட்ஸுக்கு 3×10⁻⁹ ரேடியன். கசிவுக் கோணம் (கசியவிடத் தளத்தைச் சாய்க்கும் கோணம்) எதுவானாலும் இது மாறாது. லேசர் திறனின் ஏற்ற இறக்கமோ கோணத்தோடு வளரும்: அது ரூட் ஹெர்ட்ஸுக்கு 10⁻⁶ என்றால், 10 மில்லிரேடியன் கோணத்தில் 5×10⁻⁹ ஆகி ஷாட் நாய்ஸைத் தாண்டிவிடும். 5 மில்லிரேடியன் சரி. பிளேட்டைத் திருப்ப வேண்டியது அதில் பாதி, 0.14 டிகிரிதான். கசிவுக் கோணம் 3 மில்லிரேடியனுக்குக் கீழே போனால், எக்ஸ்டிங்ஷன் (தடுக்க வேண்டிய ஒளியில் கசியும் பங்கு) 10⁻⁵ உள்ள போலரைசரின் சொந்தக் கசிவே மேலோங்கும். எஸ், பியைப் பிரிக்கும் கனசதுரக் கண்ணாடியான கியூப் வைத்தால் சிக்னலை ஊடுருவும் பக்கம் எடுங்கள். பிரதிபலிக்கும் பக்கம் அவ்வளவு தூய்மையில்லை.

கேட்டவர்:
எவ்வளவு நேர டேட்டாவை ஒரே எஃப்எஃப்டியில் (அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் கணக்கு) போடலாம்?

பதில் 2:
ஆக்சியானின் சுமார் பத்து லட்சம் ஊசலாட்டம் வரை. நிறை 10⁻¹² எலக்ட்ரான்வோல்ட் என்றால் 242 ஹெர்ட்ஸ், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்கும் நீட்டினால் சிக்னல் பல பின்களில் (அதிர்வெண் கட்டங்களில்) சிதறும். துண்டு துண்டாக எடுத்துத் திறனைக் கூட்டுங்கள்.

பதில் 3:
ஈர்ப்பு அலைக்கு இது உதவாது. அது பாதை நீளத்தை மாற்றும்; எஸ்ஸுக்கும் பிக்கும் ஒரே கட்டம்தான் நகரும், தளம் திரும்பாது. ஆனால் ஈர்ப்பு அலைக் கருவியில் ஆக்சியானைத் தேடலாம். ஜப்பானின் ஈர்ப்பு அலைக் கருவியான காக்ராவின் 3 கிலோமீட்டர் கைகளின் மறுமுனையில் போலரைசேஷன் ஒளியியலைச் சேர்க்கும் திட்டம் அதுதான். 50 கிலோஹெர்ட்ஸில் ஒளி ஒருமுறை கடப்பதற்குள் ஆக்சியானும் குறி மாறிவிடுவதால், அங்கே இரண்டு கண்ணாடிக் கேவிட்டியிலும் சுழற்சி கழிவதில்லை.