1972 பீட்டில் 1600: புது கார்பரேட்டர் எது வாங்குறது?

வண்டுப்பிரியன்:
வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1972 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், 1600 இன்ஜின், 12 வோல்ட். கார்பரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பறது) சோலெக்ஸ் 34 பிக்ட்-3, பழைய ஜெர்மன் பாடி.

ஐட்லிங் (மிதிக்காம இன்ஜின் தானா ஓடற வேகம்) ஒரே மாதிரி நிக்க மாட்டேங்குது. ஏறுது, இறங்குது, சிக்னல்ல நின்னா அப்படியே அணைஞ்சுடுது. நின்ன இடத்துல இருந்து ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஒரு செகண்ட் திணறிட்டு அப்புறம்தான் இழுக்குது. ஓட ஆரம்பிச்சுட்டா குறை இல்லை. ரிப்பேர் கிட் போட்டாச்சு, ஜெட் எல்லாம் ஊதியாச்சு. "கார்ப் ஆயுசு முடிஞ்சுது, புதுசு வாங்கிடுங்க"ன்னு மெக்கானிக் சொல்லிட்டார்.

கண்ணுல பட்டது நாலு: அதே 34 பிக்ட்-3 நகல், எச் 30/31 பிக்ட், நடுவுல வெக்கற வெபர் 32/36, இல்லேன்னா ரெட்டை வெபர் 34 ஐசிடி. எதை எடுக்கலாம்?

தேஞ்சஷாஃப்ட்:
வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டர் எது? பக்கவாட்டுல வட்டமா ஒரு வேக்கம் டப்பா இருக்கா, இல்ல மொட்டையா இருக்கா?

வண்டுப்பிரியன்:
மொட்டைதான் சார். 009னு போட்டிருக்கு. எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் மாத்தியிருக்கார்.

தேஞ்சஷாஃப்ட்:
அப்போ உங்க திணறலுக்குப் பாதி காரணம் கிடைச்சாச்சு.

009ல வேக்கம் அட்வான்ஸ், அதாவது கார்ப்ல வர்ற உறிஞ்சலை வெச்சுப் பொறியை முன்கூட்டியே விழ வெக்கற வசதி, கிடையாது. உள்ளே இருக்கிற எடைகள் சுத்துற வேகத்துக்கு விரிஞ்சுதான் டைமிங்கை (பொறி விழற நேரத்தை) முன்னாடி தள்ளும். நீங்க மிதிச்ச கணத்துல த்ராட்டில் (கார்ப்ல காத்து போற கதவு) திறந்து காத்து சட்டுன்னு உள்ளே பாயுது, பெட்ரோல் பின்னாடிதான் வருது. அந்த நேரம் கலவை லீன், அதாவது பெட்ரோல் கம்மி. லீன் கலவை மெதுவா எரியும், அதனால பொறி சீக்கிரமே விழணும். வேக்கம் டப்பா இருந்தா அதை உடனே பண்ணும். 009க்கு ஆர்பிஎம் ஏறினாத்தான் தெரியும், ஆர்பிஎம் ஏற மாட்டேங்குதுன்னுதானே நம்ம புகாரே!

34 பிக்ட்-3 கட்டினதே வேக்கம் டிஸ்ட்ரிபியூட்டரை நம்பி. அதனால 009 அப்படியே இருக்க புது 34 பிக்ட்-3 வாங்கி மாட்டினாலும் அதே இடத்துல அதே மாதிரி திணறும். பணம் போனதுதான் மிச்சம்.

ரெட்டைக்கார்ப்:
இவ்வளவு எதுக்கு அண்ணே? 32/36 போட்டு விடுங்க. பிக்கப் பிச்சிக்கும்.

தேஞ்சஷாஃப்ட்:
தம்பி, மத்த வண்டிகளுக்கு அது அருமையான கார்ப், மறுக்கலை. பீட்டில்ல நடு கார்ப்ல இருந்து ரெண்டு பக்க ஹெட்டுக்கும் நீளமா ஒல்லிக் குழாய்ல, அதுதான் மேனிஃபோல்டு, கலவை போகணும். 34 பிக்ட்-3யோட வென்சுரி (உள்ளே ஒடுங்கின கழுத்து) 26 மி.மீ. 32/36ல முதல் வாயே ஏறக்குறைய அவ்வளவு, அதுக்கு மேல ரெண்டாவது வாய் வேற திறக்கும். அதே ஒல்லிக் குழாய், அதே 1584 சிசி, எங்கே போய் இழுக்கும்? குளிர் நேரத்துல மேனிஃபோல்டு வேர்த்துக் கொட்டும், பெட்ரோல் ஆவியாகாம குழாய்ச் சுவர்லயே ஒட்டிக்கும்.

ரெட்டை 34 ஐசிடி வேற கதை. ஹெட்டுக்குப் பக்கத்துலயே உட்காருது, இன்ஜின் நல்லா மூச்சு விடும். ஆனா ரெண்டையும் ஒரே அளவு திறக்க வெக்கற லிங்கேஜ் வேலையும், காத்து அளந்து சமன் பண்ற வேலையும் உங்க தலையில விழும். வார இறுதியில அதுவே பொழுதுபோக்குன்னா எடுங்க. சாவி போட்டு ஓட்டிட்டுப் போகணும்னா வேண்டாம்.

லேத்பட்டறை:
கார்பரேட்டர் நிஜமாகவே தேய்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். த்ராட்டில் லீவரை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். த்ராட்டிலைச் சுழற்றும் ஷாஃப்ட் பாடிக்குள் லொடலொட என்று ஆடினால் அங்கே கணக்கில் வராத காற்று நுழைகிறது, ஐட்லிங் நிற்காது. ரிப்பேர் கிட்டில் கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் நீடில் வால்வும் வரும், இந்தத் தேய்மானத்துக்கு அதில் மருந்து கிடையாது.

ஷாஃப்ட் ஓட்டையை ரீமர் போட்டுப் பெரிதாக்கி, பித்தளை புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) அடித்து, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வருமாறு எடுக்க வேண்டும். கை டிரில்லில் செய்யும் வேலை அல்ல. சரியாகச் செய்துவிட்டால் நகலைவிடப் பழைய பாடி பல மடங்கு மேல் என்பது என் கட்சி. நகல்களில் பெட்டிக்குள்ளேயே ஷாஃப்ட் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதைத் தவறவிடாதீர்கள். கார்பரேட்டர் மூடியில் பெட்ரோல் ஹோஸ் மாட்டும் பித்தளைக் குழாய் வெறுமனே அழுத்திச் செருகியது, மரை கிடையாது. வயதான கார்ப்பில் அது தளர்ந்து ஹோஸோடு கழன்று வரும். கீழே டிஸ்ட்ரிபியூட்டர், பம்ப் விடாமல் பெட்ரோல் ஊற்றும். பல பீட்டில்கள் எரிந்து போனது இப்படித்தான். கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அந்த மூடியில் மரை வெட்டி, திருகும் நிப்பிள் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் ஃபில்டர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கினால் அதையும் இன்ஜின் அறைக்கு வெளியே கொண்டு போங்கள்.

குளிர்காத்து:
ஹீட் ரைசரை யாருமே சொல்லலையே! மேனிஃபோல்டுக்கு அடியில ஒட்டினாப்புல இன்னொரு ஒல்லிக் குழாய் போகுது பாருங்க, அதுல சுடு புகை ஓடி மேனிஃபோல்டை சூடாக்கும். கரி பிடிச்சு அடைச்சுட்டா சூடு வராது, திணறும். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் விட்டுட்டு ரெண்டு பக்கமும் லேசா தொட்டுப் பாருங்க. தொட முடியாத அளவு சுடணும்.

வண்டுப்பிரியன்:
எல்லாம் பார்த்துட்டேன். ஷாஃப்ட் நல்லாவே ஆடுது. பித்தளைக் குழாய் திருகினதும் சுத்துது, பார்த்ததுமே வயித்தைக் கலக்கிடுச்சு, வண்டியை நிறுத்தியாச்சு. ஹீட் ரைசர் ஒரு பக்கம் வெதுவெதுப்பு, இன்னொரு பக்கம் சில்லுனு இருக்கு. கார்ப் கழுத்துக்குக் கீழே மேனிஃபோல்டு மேல முத்து முத்தா தண்ணி.

அப்போ எச் 30/31 வேண்டவே வேண்டாமா? 009 கூட அது ஒத்துப்போகும்னு படிச்சேன்.

குளிர்காத்து:
அடைப்பு உறுதி. மேனிஃபோல்டைக் கழட்டி, பழைய ஸ்பீடாமீட்டர் கேபிளை டிரில்ல மாட்டி குழாய்க்குள்ள சுத்த விடுங்க. கெட்டிக் கரிக்குக் கொஞ்சம் பொறுமை வேணும்.

தேஞ்சஷாஃப்ட்:
30/31 மோசமில்லை. 009 கூட 34ஐ விட நல்லாவே போகும், அது நிஜம். ஆனா அதோட அடித்தட்டு 30 பிக்ட் மேனிஃபோல்டுக்கானது, உங்க 34 மேனிஃபோல்டுல உட்கார அடாப்டர் வேணும். ஒவ்வொரு அடாப்டரும் ரெண்டு கேஸ்கெட், காத்து கசிய ரெண்டு புது இடம். பழைய பாடி உடைஞ்சோ வளைஞ்சோ போயிருந்தா நானே 30/31 சொல்லியிருப்பேன். உங்களுக்கு தேய்மானம் மட்டும்தான்.

என்னைக் கேட்டா: பாடியை லேத்துக்கு அனுப்புங்க, ரைசரைச் சுத்தம் பண்ணுங்க, 009ஐ எடுத்துட்டு வேக்கமும் எடையும் ரெண்டும் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு ஹோஸ் போடுறது, வாங்குங்க. ரெண்டு ஹோஸ் மாடலும் உண்டு, அது டைமிங்கைப் பின்னாடி இழுக்கவும் செய்யும். அது உங்களுக்குத் தேவையில்லை. டைமிங் வெக்கும்போது ஹோஸைக் கழட்டி அடைச்சுட்டு, 3,500 ஆர்பிஎம்ல 28ல இருந்து 32 டிகிரிக்குள்ள நிறுத்துங்க.

அப்படியும் புதுசுதான் வாங்குவேன்னா, ஆட்டோ சோக் (ஆறின இன்ஜினுக்குக் காத்தைக் குறைக்கற கதவு) எலிமென்ட் 12 வோல்ட்டான்னு பார்த்து வாங்குங்க. 6 வோல்ட் சரக்கும் சந்தையில கலந்து கிடக்கு.

வண்டுப்பிரியன்:
முடிவு பண்ணிட்டேன், பாடி லேத்துக்குப் போகுது. திரும்பி வந்ததும் ஐட்லிங் எந்த ஸ்க்ரூல வெக்கணும்? எங்க மெக்கானிக் சோக் பக்கத்து ஸ்க்ரூவைத்தான் முறுக்கிட்டே இருந்தார்.

லேத்பட்டறை:
அந்த ஸ்க்ரூவில் ஐட்லிங் வைக்கவே கூடாது. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுதும் திறந்திருக்க வேண்டும். அப்போது அந்த ஸ்க்ரூவை, அது முட்டும் படிப்படியான சோக் தகட்டை விட்டு விலகும்வரை தளர்த்தி, தொட்டும் தொடாமலும் வரும்வரை உள்ளே விட்டு, மேற்கொண்டு கால் சுற்று மட்டும் கொடுங்கள். பிறகு அதை மறந்துவிடுங்கள்.

இடது பக்கம் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். சின்னதை மெல்ல முட்டும்வரை மூடி, இரண்டரைச் சுற்று திறங்கள். பெரியதைத் திருகி 850 ஆர்பிஎம்முக்குக் கொண்டு வாருங்கள். அடுத்து சின்னதை மெதுவாகத் திருகி வேகம் உச்சம் தொடும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து 20, 30 ஆர்பிஎம் குறையும்வரை உள்ளே விடுங்கள். மறுபடி பெரியதில் 850. பெரியதைத் திருகியும் வேகம் மாறவில்லை என்றால் ஐடில் சோலினாய்டு (ஐட்லிங் பெட்ரோல் வழியைத் திறக்கும் மின்வால்வு) ஒயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், சாவி போட்ட நிலையில் "டிக்" என்று கேட்க வேண்டும்.