பாஸ்போர்ட்டில் வரும் 'லெட்': அனுமதியா, தடையா?

தேவகோட்டை ஆச்சி:
பேரன் படிக்க மலேசியா போகிறான். பாஸ்போர்ட் வந்ததும் முகப்பில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசித்தேன். அட்டையைத் திறந்ததும், குடியரசுத் தலைவர் பெயரால், இவரை 'அலவ்' செய்யுங்கள் என்று கேட்டுவிட்டு, கூடவே 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்றும் போட்டிருக்கிறது. லெட் என்றால் விடு, அனுமதி கொடு என்றுதானே படித்தோம்? அனுமதி இல்லாமல் போக விடுங்கள் என்றா அர்த்தம்? எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். கடல் தாண்டப் பிடித்துக்கொண்டு போகிற தாளில் ஒரு சொல் புரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

காரைக்குடி வாத்தியார்:
ஆச்சி, அந்த இடத்தில் லெட் என்றால் தடை. நீங்கள் படித்ததும் சரிதான், ஏனென்றால் ஆங்கிலத்தில் லெட் இரண்டு உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றால் விடுதல், 'லெட்டன்' என்றால் தடுத்தல். நம் காதுக்கு நெடிலும் குறிலும்தான் வித்தியாசம். உச்சரிப்பு தேய்ந்து இரண்டும் ஒரே லெட் ஆகிவிட்டன. விடு என்பதற்கும் தடு என்பதற்கும் ஒரே ஒலி இருந்தால் பேச்சு எப்படி ஓடும்? தடுக்கிற லெட் மெல்ல வழக்கொழிந்து, சட்ட வாசகத்திலும் விளையாட்டிலும் தங்கிவிட்டது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு போய்ச் சரியான கட்டத்தில் விழுந்தால் 'லெட்' சொல்லி மறுபடி போடச் சொல்கிறார்களே, அது இந்த லெட்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதன் வேர். நாம் தினமும் சொல்கிற 'லேட்' இருக்கிறதே, அதன் பழைய வடிவத்திலிருந்து பிறந்தது 'லெட்டன்'. ஆளைச் சுணங்க வைப்பது என்று பொருள். 'தங்குதடையின்றி' என்று நாம் சொல்வது அந்த வரிக்கு அச்சாகப் பொருந்துகிறது பாருங்கள். லெட்டுக்குத் தங்கு, ஹிண்ட்ரன்ஸுக்குத் தடை. அதே பக்கத்தில் இந்தியிலும் 'பினா ரோக்-டோக்' என்று ஜோடியாகத்தான் வரும்.

திருப்பத்தூர் பத்திர எழுத்தர்:
ஜோடி போடுவது எங்கள் தொழிலில் அன்றாடம். ஆங்கிலத்தில் எழுதிய பழைய பத்திரங்களில், சொத்தை வாங்கியவர் லெட், ஹிண்ட்ரன்ஸ், இன்டரப்ஷன் எதுவும் இல்லாமல் அனுபவிக்கலாம் என்று வரும். தமிழில் நாங்கள் 'தாவா தகராறு' என்று சேர்த்து எழுதுவோம். ஒரு சொல்லில் பிடி நழுவினாலும் அடுத்த சொல் பிடித்துக்கொள்ளும். விடுகிற லெட்டை நம் தெருவிலேயே பார்க்கலாம், ஆச்சி. 'டு லெட்' பலகையைத்தான் 'வாடகைக்கு விடப்படும்' என்று எழுதி மாட்டுகிறோம்.

தேவகோட்டை ஆச்சி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் மனசு ஆறியது. அந்த 'அலவ்' எங்கிருந்து வந்தது சார்?

காரைக்குடி வாத்தியார்:
அது பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் 'அல்லௌதாரே' என்றால் மெச்சி ஏற்பது, 'அல்லோகாரே' என்றால் ஒதுக்கி வைப்பது. பிரெஞ்சில் இரண்டும் கலந்து ஒரே சொல்லாகி இங்கிலாந்துக்குப் போயின. அனுமதி என்ற பொருள் மெச்சி ஏற்கிற பக்கத்திலிருந்து வருகிறது. 'அலவன்ஸ்' ஒதுக்குகிற பக்கம். சம்பளப் பட்டியலில் டி.ஏ., எச்.ஆர்.ஏ. என்று முடிகிற அந்த 'ஏ' இதுதான்.