ஹார்ட்ஸை நாம ஏன் ஆட்டின்னு சொல்றோம்?

சீட்டுக்கட்டு:
பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ தாத்தா கூட ரம்மி ஆடுனேன், அவரு வாயில ஹார்ட்ஸ்னு வரவே வராது, ஆட்டின் ராணி, கிளாவர் ஏழுன்னுதான் சொல்வாரு. டைமன் புரியுது. ஆட்டின் எங்கேர்ந்து வந்துச்சு? இங்கிலீஷ் ஹார்ட்டைத்தான் இழுத்துச் சொல்றோமா?

நாகைக்காரன்:
இங்கிலீஷ் இல்லங்க, டச்சு. டச்சுக்காரங்க ஹார்ட்ஸை ஹார்ட்டன்னு சொல்வாங்க, அதுல ஹ உதிர்ந்து போயி நம்ம வாயில ஆட்டின் ஆயிடுச்சு, ஆடுதன்னும் சொல்ற ஆளுங்க உண்டு. கிளாவரும் டச்சுதான், இங்கிலீஷ்லேர்ந்து எடுத்திருந்தா க்ளப்ஸ்னுல்ல சொல்லியிருப்போம். எங்க நாகப்பட்டினத்த 1658ல போர்த்துகீசியர்கிட்டேர்ந்து புடிச்சு 1781 வரைக்கும் கையில வெச்சிருந்தாங்களே, அத்தன வருஷம் பழகுனதுல சீட்டும் பேரும் ஒட்டிக்காம எப்படி இருக்கும்.

இஸ்பேடு மட்டும் போர்த்துகீசுன்னு சொல்வாங்க, எஸ்பாடான்னா வாள். ஆனா போர்த்துகீசியர் இதே சிவப்பு இதயத்த இன்னிக்கும் கோப்பாஸ்னுதான் சொல்றாங்க, அதாவது கோப்பை. அவங்க பழைய கட்டுல இதயம் இருக்கிற எடத்துல கோப்பைதான் இருந்துச்சு, படம் மாறியும் பேரு மாறல. அவங்ககிட்டேர்ந்து வந்திருந்தா தாத்தா கோப்பை ராணின்னு சொல்லியிருப்பாரு.

யாழ் பெடியன்:
அண்ணை சொல்லுறது சரி. யாழ்ப்பாணமும் 1658இல இருந்து 1795 வரைக்கும் ஒல்லாந்தரிட்ட, அதான் டச்சுக்காரரிட்டத்தான் இருந்தது. சிங்களத்தில இன்னும் கூட இருக்கு, ஸ்பேட்ஸுக்கு இஸ்கோப்ப எண்டு சொல்லுவினம், அது டச்சு ஸ்கொப்பன்.

பேர் மட்டுமில்லை, ஆட்டத்தையும் பாருங்கோ. நாங்கள் விளையாடுற முந்நூற்றிநாலு எண்ட சீட்டாட்டத்தில ராசா ராணியை விட ஜாக் பெரிசு, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஆட்டின், கிளாவர் மாதிரி ஒரு சாதிக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. ஒல்லாந்தில கிளாவர்யாஸ் எண்டு ஒரு ஆட்டம் இருக்கு, அதிலயும் துரும்பில, அதாவது மற்றச் சாதியளை வெட்டுற சாதியில, ஜாக்தான் முதல், அடுத்தது ஒன்பது! எனக்கெண்டால் இது தற்செயலாத் தெரியேல்லை. ஆட்டின் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து கைக்கு வந்தால் ஆட்டினைத்தான் துரும்பாக் கவிழ்ப்பன்.

சீட்டுக்கட்டு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நாங்க இருபத்தெட்டு ஆடுறப்பவும் ஜாக்கிக்கு மூணு, ஒம்போதுக்கு ரெண்டு, ராஜாவுக்கு ஒண்ணும் கெடையாது. ஏன்னு யோசிச்சதே இல்ல. இப்பவே தாத்தாவுக்கு போன் போடுறேன்.