பிரேக் லீவர் வெறுமையாகப் போன நொடி: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

பாம்பன் பையன்:

போன ஆடி மாதம். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் உச்சியிலிருந்து மண்டபம் பக்கம் இறங்குகிறேன். கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. என் வண்டி பிஎம்எக்ஸ், வித்தை காட்டும் சின்னச் சைக்கிள். அதில் பின் பிரேக் மட்டும்தான், அதுவும் கைரோ வழியாக, அதாவது ஹேண்டில்பாரை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒயர் முறுக்காமல் இருக்க வைக்கும் சுழல் தட்டு. வண்டி வாங்கிய வாரமே முன் பிரேக்கைக் கழற்றிவிட்டேன். கீழே ஒரு டூரிஸ்ட் பஸ், ரயில் பாலத்தைக் காட்டுவதற்காக ரோட்டிலேயே நிற்கிறது. லீவரைப் பிடித்தேன். நேராகப் போய் கிரிப்பில் ஒட்டிக்கொண்டது. ஒயரில் இழுப்பே இல்லை.

பக்கத்தில் ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். நான் லீவரை மறுபடி மறுபடி அமுக்குவதைப் பார்த்துவிட்டார் போல. "தம்பி, செருப்ப டயர்ல வையி! பின் டயர்ல!" என்று கத்தினார். வைத்தேன். ரப்பர் கருகிய வாசனை அடித்தது, குதிகால் சுட்டது. பஸ்ஸின் பின் கண்ணாடியில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படிக்கிற தூரத்தில் வண்டி நின்றது.

அவரும் நிறுத்தினார். கைரோ தட்டுக்குக் கீழே போகிற ஒயரைத் தொட்டுப் பார்த்தார். ஒயரின் வெளி உறையான அவுட்டரின் வாயிலிருந்து காப்பிப்பொடி மாதிரி துரு அவர் விரலில் கொட்டியது. "எங்க படகுல கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒயர் ஓட விடமாட்டோம்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாளே கைரோவைக் கழற்றினேன். லீவரிலிருந்து இரண்டு ஒயர் தட்டுக்கு, தட்டிலிருந்து இரண்டு ஒயர் கீழே. ஆக, தட்டில் மட்டும் 4 முனை, நாலும் உப்புக்காற்றுக்குத் திறந்த வாய். இப்போது லீவரிலிருந்து பிரேக் வரை நீளமாக ஒரே ஒயர். ஹேண்டில்பாரை ஒரு சுற்று சுற்றினால் எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம். உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

மண்டபம் 406:

அண்ணே, பாதி வழியில் நிறுத்திவிட்டீர்கள். அந்த ஒரு ஒயரையும் எடுத்துவிடுங்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல், அதாவது வித்தைப் போட்டி, முதல்முறையாக வந்தபோது பார்த்திருப்பீர்கள், பிரேக்கே இல்லாத வண்டிகள் எத்தனை! உங்களைக் காப்பாற்றியதும் பிரேக் இல்லை, செருப்புதானே?

என் கதை மீன் ஏலக்கூடத்தில் நடந்தது. மத்தியானம் கூடம் காலியாகக் கிடக்கும், சிமெண்ட் தரை வழவழவென்று இருக்கும், அங்கேதான் பழகுவோம். அன்று தூணுக்குப் பின்னாலிருந்து ஓர் அப்பத்தா கூடையோடு வந்துவிட்டார். காலை டயரில் வைத்தேன். டயரில் மீன் தண்ணீர், வழுக்கியது. நான் குதித்துவிட்டேன், வண்டி மட்டும் போய்க் கூடையில் மோதியது. நெத்திலி தரை முழுக்க வெள்ளி வெள்ளியாகச் சிதறியது. அப்பத்தா திட்டவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் கூடவே பொறுக்கினேன், அரை மணி நேரம். அதற்கப்புறம் ஆள் நடமாடுகிற இடத்தில் ஓட்டுவதில்லை. ஆனால் பிரேக் மாட்டவும் இல்லை.

கீழக்கரை காக்கா:

தம்பி மண்டபம், நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படியுங்கள். டயர் ஈரமாக இருந்தால் கால் வழுக்கும் என்று உங்கள் கதையே சொல்கிறது. கூடைக்குப் பதில் அந்த அப்பத்தாவின் இடுப்பு என்றால்? ஒலிம்பிக்கில் ஓட்டுகிறவர் மூடிய போட்டித் திடலில் ஓட்டுகிறார், அங்கே குறுக்கே ஆடு வராது. அதே பிஎம்எக்ஸில் ரேஸ் ஓட்டுகிறவருக்குப் பின் பிரேக் கட்டாயம், விதியே அதுதான். நம்முடையது கிழக்குக் கடற்கரைச் சாலை.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பழைய மலைச் சைக்கிளின் வி-பிரேக் லீவரை எடுத்து என் பிஎம்எக்ஸில் இருக்கும் யு-பிரேக்குக்கு மாட்டினேன். பிடித்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், சக்கரம் மட்டும் நிற்காது. வாப்பா கடை வாசலில் நின்றுகொண்டு, "நிப்பாட்டுடா, நிப்பாட்டுடா" என்று கூப்பிடக் கூப்பிட நான் அவரைத் தாண்டிப் போனேன். அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. வி-பிரேக் லீவர், யு-பிரேக்குக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒயரை இழுக்கும். இழுக்கும் நீளம் கூடினால் பிடிக்கும் பலம் குறையும். இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

பாம்பன் தம்பி, நீங்கள் செய்தது சரி. ஆனால் ஒரே ஒயர் என்றாலும் அதற்கும் இரண்டு வாய் இருக்கிறது. உள்ளே ஓடும் இன்னர் ஒயரைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள், விலை கொஞ்சம்தான் கூட. அவுட்டரை வெட்டினால் முனை நசுங்கிக் கோணலாக நிற்கும். அதை அரத்தால் தட்டையாக ராவி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயை ஊசியால் திறந்துவிட வேண்டும். இதை விட்டால் லீவர் பஞ்சு மாதிரிதான் இருக்கும், எத்தனை தடவை டைட் வைத்தாலும் சரியாகாது. தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள். மணல் ஒட்டி உள்ளேயே அரைத்துவிடும். மாட்டும் முன்பே இன்னரில் லேசாக கிரீஸ் தடவிவிடுங்கள். தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். மறுநாள் என்று விட்டால் உப்பு காய்ந்துவிடும். லீவரில் ஒயரின் முனையிலுள்ள குண்டு உட்காரும் இடத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். இழை அங்கேதான் முதலில் அறும். ஒரு இழை அறுந்திருந்தாலும் முழு ஒயரையும் மாற்றுங்கள். வாடைக்காற்று தொடங்கும் முன் எப்படியும் புதுசு போட்டுவிடுங்கள்.

மண்டபம் 406:

காக்கா, ஆடு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆள் நடமாடுகிற இடத்தில் நான் ஓட்டுவதில்லை என்றும் எழுதியிருக்கிறேன், அதைப் படிக்கவில்லையா?

தேவிபட்டினம் தங்கை:

சண்டைக்கு நடுவில் என் கதையும். அண்ணனின் பழைய வண்டி எனக்கு வந்தது. நானும் கைரோவை எடுத்துவிட்டு ஒரே ஒயர் போடச் சொன்னேன். "நீளமா விடுங்கண்ணே, ஹேண்டில்பார் சுத்தணும்" என்று இரண்டு தடவை சொன்னேன். நான் டீ வாங்கப் போன நேரத்தில் கடைக்காரர் ஒட்ட வெட்டிவிட்டார். "தொங்குனா அசிங்கமா இருக்கும்மா" என்றார், நல்ல மனசோடுதான்.

சாயங்காலம் கடற்கரையில் முதல்முறையாக ஹேண்டில்பாரைச் சுற்றினேன். முக்கால் சுற்றிலேயே ஒயர் விறைத்து பிரேக்கைத் தானாகப் பிடித்துவிட்டது. நான் லீவரைத் தொடவே இல்லை! ஹேண்டில்பார் கையை விட்டுத் திரும்பி வந்து முழங்காலில் அடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அதைவிட, வண்டி தானாக நின்றதே, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இப்போது நானே கட்டுகிறேன். ஹேண்டில்பாரை முழுசாக ஒரு சுற்று சுற்றி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரை வண்டியின் ஃபிரேமோடு சேர்த்துக் கட்டுவேன். லீவரையும் உள்பக்கம் தள்ளி வைத்தேன். என் குட்டை விரல்களுக்கு அங்கேதான் எட்டுகிறது, ஒரு விரலே போதும்.

பாம்பன் பையன்:

காக்கா சொன்ன இடத்தை இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். குண்டுக்குப் பக்கத்தில் இரண்டு இழை அறுந்து முள் மாதிரி நிற்கிறது. ஒயர் போட்டு ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நாளைக்கு மாற்றிவிடுகிறேன். தங்கை சொன்னபடி சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன்.

நேற்று பாலத்தில் ஐஸ் பெட்டி கட்டிய மொபெட் ஒன்று எதிரே வந்தது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர் இல்லை.