335 வாட் பேனல், 150 ஏஎச் பேட்டரி: 9 ஆம்பைத் தாண்டவே மாட்டேன் என்கிறது

மொட்டைமாடி:
வணக்கம். மாடியில் 335 வாட் பாலி சோலார் பேனல் ஒன்று, 72 செல். கீழே 12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, 800 விஏ இன்வர்ட்டர். நடுவில், பேட்டரி சார்ஜாவதைக் கட்டுப்படுத்த, 'எம்பிபிடி 30 ஆம்ப்' என்று அச்சடித்த கன்ட்ரோலர். மதியம் 12 மணி வெயிலிலும் பேட்டரிக்குப் போவது 8.7 ஆம்ப்தான். 335-ஐ 12-ஆல் வகுத்தால் 27 வரவேண்டாமா? இதே மாதிரி இன்னொரு பேனல் போடுவதாக இருக்கிறேன். கன்ட்ரோலரை மாற்றணுமா, எத்தனை ஆம்ப் வாங்குவது? பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் 5 மீட்டர் தூரம், 4 சதுர மி.மீ. வயர்.

டிசி தாத்தா:
வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை (ஏசி மட்டும் அளப்பது உதவாது) பேனலிலிருந்து வரும் வயரில் ஒரு தடவை, பேட்டரிக்குப் போகும் வயரில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். பேட்டரி நிறைந்திருக்கும் நேரத்தில் செய்யாதீர்கள், அப்போது ஆம்ப் தானாகவே குறைந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே ஆம்ப் என்றால் உள்ளே இருப்பது பிடபிள்யூஎம், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சரி. அசல் எம்பிபிடி பேனலின் கூடுதல் வோல்ட்டை ஆம்பாக மாற்றித் தரும்; அதில் பேனல் பக்கம் 8.7 என்றால் பேட்டரி பக்கம் 19 அல்லது 20 காட்டும்.

பிடபிள்யூஎம் என்பது வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச், அவ்வளவுதான். பேனலை நேராக பேட்டரியோடு கோத்துவிடும். 38 வோல்ட்டில் வேலை செய்யவேண்டிய பேனல் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுபட்டுப் போகும். 13 பெருக்கல் 8.7, அதாவது 113 வாட். பாக்கி பேனலிலேயே சூடாகிப் போகிறது.

எம்பிபிடி போட்டாலும் 27 வராது. கூரைச் சூட்டில் செல் 65 டிகிரிக்குப் போகும்போது 38 வோல்ட் 32 ஆகிவிடும். 36 செல் பேனல் வைத்திருப்பவர்கள் எம்பிபிடிக்குக் காசு கொட்டாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். அதன் 18 வோல்ட் வெயிலில் 15-க்கு வந்துவிடும், மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது.

மொட்டைமாடி:
பார்த்துவிட்டேன் சார். பேனல் பக்கம் 8.7, பேட்டரி பக்கம் 8.6. அப்போது 60 ஆம்ப் எம்பிபிடி ஒன்று வாங்கி, இரண்டு பேனலையும் பேரலலில் கொடுத்துவிடலாமா?

கரண்ட்கம்பி:
அவசரப்படாதீங்க. 670 வாட்டிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு நல்ல வெயிலில் 38, 40 ஆம்ப் வரும். உங்க 150 ஏஎச் டியூபுலருக்கு 15 ஆம்ப் சௌகரியம், 30-க்கு மேல போகக்கூடாது. போனா தண்ணி கொதிச்சு வத்தும், பிளேட் சீக்கிரம் உதிரும். ஒண்ணு, 50 ஆம்ப் கன்ட்ரோலர் வாங்கி சார்ஜிங் கரண்டை 25-ல கட்டிப் போடுங்க. இல்லைன்னா இரண்டாவது பேட்டரி சேர்த்து 24 வோல்ட்டுக்கு மாறுங்க. 24-ல அதே 670 வாட்டுக்கு 30 ஆம்ப் கன்ட்ரோலரே போதும். ஆனா 24 வோல்ட் இன்வர்ட்டர் வேணும், பழசும் புதுசுமா பேட்டரியை சீரியஸ்ல சேர்க்கவும் கூடாது. செலவு பார்த்தா நான் முதல் வழிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பேனலை எப்படிக் கோக்கிறதுன்னு வந்தா, 12 வோல்ட்டுக்கு பேரலல் சரி. ஓப்பன் சர்க்யூட் (எதுலயும் இணைக்காதப்போ பேனல் காட்டுறது) 46 வோல்ட்தான், 100 வோல்ட் கன்ட்ரோலர் தாங்கும். 24-க்குப் போனா சீரியஸ் நல்லது, ஏன்னா சூட்டுல 32-க்கு இறங்குற பேனலுக்கும் 28.8 கேக்குற பேட்டரிக்கும் நடுவுல இடைவெளி கம்மி. ஆனா சீரியஸ்ல 92 வோல்ட் ஆகுது. 25 டிகிரிக்குக் கீழ குறையுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதம் ஏறும். ஊட்டி மாதிரி இடத்துல விடிகாலை 5 டிகிரின்னா 97-ஐத் தாண்டும். 100 வோல்ட் கன்ட்ரோலர் அங்க விளிம்புலதான் நிக்கும். ஆம்ப் கூடினா அது தானே குறைச்சுக்கும், வோல்ட் கூடினா எரிஞ்சுடும். அதனால சீரியஸுக்கு 150 வோல்ட் மாடல்.

டிசி தாத்தா:
ஆம்ப் கணக்கில் கரண்ட்கம்பி சொல்வது சரி. அந்த 5 மீட்டர் வயரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. போக வர 10 மீட்டர், 4 சதுர மி.மீ. செம்பு, 20 ஆம்ப் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போகும். கன்ட்ரோலர் 14.4 என்று நினைத்துக்கொண்டு கரண்டைக் குறைக்கத் தொடங்கும்போது பேட்டரியில் 13.5-தான் இருக்கும். நிறைய வெகு நேரம் பிடிக்கும். கன்ட்ரோலரைப் பேட்டரி பக்கம் ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்து 16 சதுர மி.மீ. போடுங்கள். நீளமாக ஓடும் வயர் பேனல் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் இன்வர்ட்டரின் மேலேயே மாட்டவேண்டாம். பல கன்ட்ரோலர்கள் சூட்டைத் தன் உடம்பில்தான் அளக்கின்றன. அது சூடானால் பேட்டரியும் சூடென்று எண்ணி வோல்ட்டைக் குறைத்துவிடும்.

இன்வர்ட்டரை கன்ட்ரோலரின் லோடு முனையில் கொடுக்காதீர்கள், நேராக பேட்டரிக்கு. பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே டிசி ஃபியூஸ் வேண்டும். வீட்டு ஏசி எம்சிபி (டிரிப் சுவிட்ச்) டிசியில் எழும் தீப்பொறியை அணைக்காது.

மொட்டைமாடி:
செட்டிங் என்ன வைக்கட்டும் சார்? ஈபி எப்போதும் இருக்கிறது, இன்வர்ட்டரும் சார்ஜ் செய்துகொண்டே இருக்கிறது.

கரண்ட்கம்பி:
உங்க பாதிப் பிரச்சினை அதுதான். ராத்திரியே ஈபி பேட்டரியை நிறைச்சு 13.8-ல பிடிச்சு வச்சிருந்தா, காலையில சோலாருக்கு என்ன வேலை? பகல்ல ஈபி சார்ஜிங்கை நிறுத்துற வசதி இன்வர்ட்டர்ல இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா இன்வர்ட்டர் பிளக்குக்கு ஒரு டைமர், காலை 8 முதல் மாலை 4 வரை ஆஃப். அப்போ வீட்டு லோடு பேட்டரியிலதான் ஓடும், அதனால முதல் வாரம் சாயங்காலம் எத்தனை வோல்ட் நிக்குதுன்னு குறிச்சு வச்சு நேரத்தைக் கூட்டிக் குறைங்க. டியூபுலருக்கு பூஸ்ட் (நிறைக்கிற வோல்ட்) 14.4, ஃப்ளோட் (நிறைஞ்சப்புறம் பிடிச்சு வைக்கிற வோல்ட்) 13.6. பேட்டரி கம்பெனி தாளில் வேற எண் இருந்தா அதையே வைங்க.

புது கன்ட்ரோலர்ல பேட்டரி வயர் முதல்ல, பேனல் அப்புறம். கழட்டும்போது பேனல் முதல்ல. மாத்திச் செஞ்சா அது 12-ஆ 24-ஆன்னு தெரியாம முழிக்கும்.