பழைய லேத் வாங்கிவிட்டேன், வீட்டில் த்ரீ பேஸ் இல்லை: அவசர உதவி

டர்னர்மகன் (செவ்வாய், இரவு 9.12)
வணக்கம். பழைய லேத் (இரும்பு கடையும் மெஷின்) ஒன்று வாங்கி வீட்டில் இறக்கிவிட்டேன். ஓடவில்லை. உறுமுகிறது, சுற்றவில்லை. த்ரீ பேஸ் வேண்டும் என்கிறார்கள். ஈ.பி. ஆபீசில் போய்க் கேட்டால் முடியாது என்றுவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் ஓட்டியாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓயாதவயர்மேன் (9.25)
எந்த ஊர்? சொந்த வீடா? மோட்டார் எத்தனை எச்.பி.? நேம் பிளேட்டில் என்ன போட்டிருக்கிறது? உறுமியது என்றால் எதில் எதைக் கொடுத்தீர்கள்? உடம்பு சரியில்லை, மாத்திரை சொல்லுங்கள் என்று போனில் கேட்கிற மாதிரி இருக்கிறது தம்பி.

தோட்டத்துமோட்டார் (9.31)
இதுக்கெல்லாம் எதுக்குங்க த்ரீ பேஸ்? கண்டென்சர் போடுங்கள். ரெண்டு பேஸ் மட்டும் வருகிற நேரத்தில் எங்கள் தோட்டத்தில் 15 வருஷமாக அப்படித்தான் தண்ணீர் பாய்கிறது. காயில் இதுவரை ஒரு தடவைதான் போயிருக்கிறது.

உண்மை415 (9.40)
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியதை லாரியிலிருந்து இறக்கிய பின் கேட்கிறார்கள். ஐயா, த்ரீ பேஸில் 415 வோல்ட் என்பது எதற்கும் எதற்கும் நடுவில் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

டர்னர்மகன் (10.05)
கோவை, கணபதி பக்கம். 3 எச்.பி. என்று விற்றவர் சொன்னார். மீட்டர் சாதாரண மீட்டர்தான். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் பையன் மோட்டாரின் மூன்று வயரில் இரண்டுக்கு வீட்டு லைனைக் கொடுத்து, மூன்றாவதற்கு ஒரு கண்டென்சர் வைத்துப் பார்த்தான். உறுமியது. வாசனை வந்தது. நிறுத்திவிட்டோம்.
415 என்பது மூன்று வயருக்கும் சேர்த்து என்று நினைக்கிறேன்.

உண்மை415 (10.07)
"சேர்த்து." இதை ஃபிரேம் போட்டு மாட்ட வேண்டும்.

அம்மிணி (10.30)
தெரியாததால்தானே கேட்கிறார், விடுங்கள். தம்பி, எந்த ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 240. எந்த இரண்டு பேஸுக்கும் நடுவில் 415. அவ்வளவுதான் விஷயம். தோட்டத்து அண்ணனுக்கு இரண்டு பேஸ் வருவதால் கண்டென்சர் போட்டாலும் அவர் மோட்டாருக்கு 415 கிடைத்துவிடுகிறது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பேஸும் நியூட்ரலும். 415-க்குச் சுற்றிய மோட்டாருக்கு அதைக் கொடுத்தால் வோல்டேஜ் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. லேத்தின் ஹெட்ஸ்டாக், பெல்ட் எல்லாவற்றையும் அது எப்படி இழுக்கும்? உறுமத்தான் செய்யும். இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் காயில் கருகியிருக்கும்.

தோட்டத்துமோட்டார் (10.34)
அதைத்தான் நானும் சொன்னேன், கண்டென்சர் சைஸ் பத்தவில்லை.

அம்மிணி (10.35)
அண்ணா, அதை நான் சொல்லவில்லை.

இழைப்புளி (10.52)
எனக்கு மர இழைப்பு மெஷினில் இதே கதை நடந்தது. டிரைவ் போடுங்கள், அதுதான் வி.எஃப்.டி. உள்ளே சிங்கிள் பேஸ் போகும், வெளியே த்ரீ பேஸ் வரும். ஆனால் வெளியே வருவதும் 230 வோல்ட்தான், 415 ஆகாது. அதனால் மோட்டாரின் காயில் இணைப்பை டெல்டாவுக்கு, அதாவது மூன்று காயிலும் முக்கோணமாகச் சேரும்படி, மாற்ற வேண்டும். டெர்மினல் பாக்ஸ் மூடியைக் கழற்றி ஆறு போல்ட் இருக்கிறதா, மூன்று வயர் மட்டும் வெளியே வருகிறதா என்று பாருங்கள். நேம் பிளேட்டையும் படம் எடுத்துப் போடுங்கள்.

ஓயாதவயர்மேன் (புதன், காலை 6.10)
டிரைவ் அப்புறம் இருக்கட்டும். ஆபீசில் "முடியாது" என்றார்களா, "இந்த சர்வீஸில், அதாவது இந்த மின் இணைப்பில், முடியாது" என்றார்களா? நான் கம்பம் ஏறிய காலத்திலிருந்து பார்க்கிறேன், நம் ஆட்கள் முதல் சொல்லைக் கேட்டவுடன் திரும்பிவிடுவார்கள்.

டர்னர்மகன் (7.45)
"வீட்டு லைனில் பட்டறை நடத்த முடியாது, வேண்டுமென்றால் தனியாக அப்ளை பண்ணுங்கள்" என்றார். முடியாது என்றுதானே அர்த்தம்?

ஓயாதவயர்மேன் (7.58)
இல்லை. முடியும் என்று அர்த்தம்.
உங்களுக்கு இரண்டு வழி. பொழுதுபோக்குக்குத்தான் லேத் என்றால் வீட்டு சர்வீஸிலேயே லோடைக் கூட்டி எழுதிக் கொடுங்கள். மொத்த லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினாலே த்ரீ பேஸ் மீட்டர்தான். ஏசி, ஹீட்டர், உங்கள் 3 எச்.பி. மோட்டார் (2.2 கிலோவாட்) எல்லாம் கூட்டிப் பாருங்கள், தாராளமாகத் தாண்டும். வெளி வேலை எடுத்துச் செய்வதென்றால் பட்டறைக்குத் தனி சர்வீஸ். 12 கிலோவாட் வரை குறுந்தொழிலுக்கு 3ஏ1 என்று ஒரு கட்டணப் பிரிவு இருக்கிறது, மற்றத் தொழில் கட்டணத்தைவிடக் குறைவு. சொத்து வரி ரசீது, லைசென்ஸ் உள்ள வயரிங் கான்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட் எல்லாம் தயாராக இருக்கட்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது, அதையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எதிரே உள்ள கம்பத்தில் எத்தனை கம்பி ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு மட்டும் என்றால் லைன் இழுக்க வேண்டும், நாளாகும்.

டர்னர்மகன் (9.20)
கம்பத்தில் ஐந்து கம்பி. எங்கள் வீட்டுக்கு அதிலிருந்து இரண்டு மட்டும் வருகிறது. பொழுதுபோக்குக்குத்தான் அண்ணா. அப்பா டர்னர், அவர் நினைவாக. இப்போதைக்கு வெட் கிரைண்டர் ஷாஃப்ட் 20 பீஸ் மட்டும் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். வாடகை வீடு, ஓனர் திருப்பூரில் இருக்கிறார்.

உண்மை415 (9.24)
20 ஷாஃப்ட் பொழுதுபோக்கு. வாடகை வீடு என்பது ஒன்பதாவது பதிலுக்கு மேல்தான் வெளியே வருகிறது. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126 படியுங்கள். வீட்டுக் கட்டணத்தில் தொழில் செய்து பிடிபட்டால் உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து ஓடியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும் கணக்குப் போடலாம். நேற்றுத்தான் லேத் இறக்கினேன் என்று அங்கே போய் அழக் கூடாது.

அம்மிணி (9.50)
பயமுறுத்தாமலும் சொல்லலாம். ஆனால் விஷயம் சரிதான். தனி சர்வீஸே நல்லது தம்பி. ஓனரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள்.

சோமனூர்தறி (10.15)
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம், 2023-க்கு முன்னால் 750. தறி ஓட்டுகிறவனும் வீட்டோடு பட்டறை வைத்திருப்பவன்தான், லேத் ஓட்டுகிறவனும் அப்படித்தான். அவனுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?

உண்மை415 (10.21)
ஏற்கெனவே ஓடுகிற இலவசம் போதாதா?

தோட்டத்துமோட்டார் (10.26)
இலவசம் என்றால் என்னைப் பார்க்கிறீர்களா? 1990-லிருந்து விவசாயிகள் எங்களுக்கு மின்சாரம் இலவசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு த்ரீ பேஸ் வந்தால் டார்ச் லைட்டோடு மோட்டார் போடப் போகிறவனுக்குத்தான் அந்த இலவசத்தின் விலை தெரியும்.

சோமனூர்தறி (10.40)
நான் கேட்டது அது இல்லைங்க. வீட்டோடு ஒட்டி 200 சதுர அடிக்குள் டாக்டரோ வக்கீலோ ஆலோசனை அறை வைத்தால் வீட்டுக் கட்டணமே போதும் என்று விதியில் இருக்கிறது. வீட்டில் கைத்தறி போட்டாலும் வீட்டுக் கட்டணம். 80 சதுர அடி கார் ஷெட்டில் ஒரு லேத் வைத்தவன் மட்டும் தொழிலதிபரா? படித்தவனுக்கு ஒரு சட்டம், கையில் கிரீஸ் பட்டவனுக்கு ஒரு சட்டம்.

உண்மை415 (10.48)
வக்கீல் அறையில் ஒரு ஃபேன், இரண்டு டியூப் லைட். அங்கே 3 எச்.பி. மோட்டார் ஓடுவதில்லை.

சோமனூர்தறி (10.51)
டாக்டர் ரூமில் ஏசி ஓடுகிறதே, அது காற்றிலா ஓடுகிறது?

நெறியாளர் (11.05)
கட்டண அரசியலுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே லேத் மட்டும்.

இழைப்புளி (மதியம் 1.30)
டர்னர்மகன், டெர்மினல் பாக்ஸ் பார்த்தீர்களா?

டர்னர்மகன் (3.15)
பார்த்தேன். படம் இணைத்திருக்கிறேன். 2.2 கிலோவாட், 415 வோல்ட், 4.7 ஆம்பியர், 1430 ஆர்.பி.எம். கனெக்‌ஷன் என்ற இடத்தில் ஒய் எழுத்து. உள்ளே ஆறு போல்ட், கீழ் வரிசை மூன்றையும் ஒரு பித்தளைப் பட்டை சேர்க்கிறது.

இழைப்புளி (3.28)
அதிர்ஷ்டசாலி. ஒய் என்றால் ஸ்டார், மூன்று காயிலின் ஒரு முனை ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். ஆறு முனையும் வெளியே இருப்பதால் டெல்டாவாக மாற்றலாம். சேர்த்திருக்கும் பட்டையைக் கழற்றி, மேல் போல்ட்டையும் அதற்கு நேர் கீழே உள்ளதையும் ஜோடி ஜோடியாக இணையுங்கள், மூன்று ஜோடி. அப்போது அதே மோட்டார் 230-க்கு முழு விசையில் ஓடும், கரண்ட் மட்டும் 4.7-லிருந்து 8 ஆம்பியருக்குப் போகும். இதுவே 5 எச்.பி. என்றால் பெரும்பாலும் 415-க்கே டெல்டாவில் இருக்கும், இந்த வித்தை அதில் பலிக்காது.
2.2 கிலோவாட் டிரைவ், சிங்கிள் பேஸ் இன்புட் என்று கேட்டு வாங்குங்கள். முழு லோடில் அது வீட்டு லைனிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கில் சொருகாதீர்கள். மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். வயர் தனியாக இழுத்து 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள். எர்த் கட்டாயம்.

ஓயாதவயர்மேன் (4.02)
அந்த 20 ஆம்பியரை வீட்டின் பழைய மெயின் வயரும் தாங்க வேண்டும். டிரைவ் வாங்கினாலும் அப்ளிகேஷனைக் கைவிடாதீர்கள். டிரைவ் மின்சாரத்தை மாற்றுமே தவிர, கட்டணப் பிரிவை மாற்றாது.

தோட்டத்துமோட்டார் (4.40)
இவ்வளவு செலவுக்கு 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் மாற்றிவிட்டுப் போகலாம்.

அம்மிணி (4.55)
போகலாம் அண்ணா, ஆனால் லேத்தில் மரை வெட்டும்போது அடிக்கடி ரிவர்ஸ் வேண்டும். கண்டென்சர் ஸ்டார்ட் மோட்டார் முழுக்க நின்ற பிறகுதான் திரும்பிச் சுற்றும். ஒவ்வொரு பாஸுக்கும் காத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

டர்னர்மகன் (வெள்ளி, இரவு 10.50)
டிரைவ் வாங்கி மாட்டியாகிவிட்டது. ஓடுகிறது!! எல்லோருக்கும் நன்றி. ஷாஃப்ட் வேலையில் இருக்கிறேன், அப்புறம் வருகிறேன்.

இழைப்புளி (10.58)
மகிழ்ச்சி. டெல்டா மாற்றிவிட்டுத்தானே?

உண்மை415 (11.10)
யாரும் கேட்காத கேள்வியை நானே கேட்க வேண்டியிருக்கிறது. பழைய லேத் என்றால் முன்பக்கம் ஃபார்வேர்டு-ரிவர்ஸ் கைப்பிடி இருக்கும், உள்ளே டிரம் ஸ்விட்ச். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அது இருக்கிறதா? இருந்தால் ஓடும்போது தொட வேண்டாம். டிரைவின் வெளி லைனை லோடோடு வெட்டினால் அது பிழை காட்டி நிற்கும், இல்லாவிட்டால் ஒரேயடியாகப் போய்விடும். டிரம் ஸ்விட்சை நீக்கிவிட்டு மோட்டாருக்கு நேராகக் கொடுங்கள். ரிவர்ஸுக்கு டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் சின்ன ஸ்விட்ச் போதும். கூலன்ட் பம்ப் 415 மோட்டாராக இருந்தால் அதையும் இந்த டிரைவில் சேர்க்காதீர்கள்.

அம்மிணி (11.14)
இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?

உண்மை415 (11.15)
முதல் நாள் அவர் லேத்தின் படம் போட்டாரா?

இழைப்புளி (ஞாயிறு, காலை 8.20)
டர்னர்மகன், இருக்கிறீர்களா?

ஓயாதவயர்மேன் (புதன், காலை 6.30)
தம்பி, அப்ளிகேஷன் என்ன ஆச்சு?

டர்னர்மகன் (11 நாள் கழித்து, இரவு 9.40)
மன்னிக்கவும், இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. 14 ஷாஃப்ட் சனிக்கிழமை போனது. பதினைந்தாவதில் கைப்பிடியைத் திருப்பினேன். டிரைவிலிருந்து டப் என்று ஒரு சத்தம், அதோடு சரி. 415 அண்ணன் பதிலை ஞாயிற்றுக்கிழமைதான் படித்தேன். மீதி ஆறையும் நண்பர் பட்டறையில் போட்டுக் கொடுத்தேன். ஓனர் கடிதம் கொடுத்துவிட்டார், தனி சர்வீஸுக்கு அப்ளை பண்ணியாகிவிட்டது.

ஓயாதவயர்மேன் (9.52)
நல்லது. லோடு எத்தனை கிலோவாட் எழுதினீர்கள்? த்ரீ பேஸ் வந்ததும் டெல்டாவைத் திரும்ப ஸ்டாருக்கு மாற்றாமல் ஸ்விட்ச் போட்டுவிடாதீர்கள், அப்படியே 415 கொடுத்தால் மோட்டார் போய்விடும்.

இழைப்புளி (வியாழன், காலை 7.05)
பார்த்தீர்களா தம்பி?