பழைய புத்தகங்களைத் துளைக்கும் பூச்சி: என்ன செய்யலாம்?

கேள்வி
தாத்தாவின் புத்தகங்கள் பல ஆண்டுகளாக மரப்பெட்டியில் கிடந்தன. அண்மையில் திறந்தபோது, அட்டையிலிருந்து உட்பக்கங்கள் வரை குண்டூசிப் பருமனில் துளைகள் ஊடுருவியிருப்பதையும், தட்டினால் மாவுபோன்ற தூள் உதிர்வதையும் கண்டேன். பூச்சிமருந்து தெளிக்கலாமா, வெயிலில் காயவைக்கலாமா? ஓரங்களில் அவர் மையால் எழுதிய குறிப்புகள் அழிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

மறுமொழி 1
மருந்து தெளிக்காதீர்கள்; தாளில் கறை படியும், மை கரையும், புரட்டுபவரின் கையிலும் நஞ்சு ஒட்டும். வெயில் தாளை நொறுங்கச் செய்து மையை மங்கவைக்கும். இராமபாணப் பூச்சி தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும்; இப்படித் துளைத்துத் தூள் தள்ளுவது வண்டின் புழு. துளைகள் பழையனவாகவும் இருக்கலாம். தூளை மென்தூரிகையால் அகற்றி, ஒவ்வொரு புத்தகத்தையும் வெள்ளைத்தாள் மேல் வைத்துத் தனித்தனிப் பாலித்தீன் உறையில் மூடிவைத்துச் சில வாரங்கள் கவனியுங்கள். புதிய தூள் விழுந்தால் புழு உயிரோடிருக்கிறது.

மறுமொழி 2
அப்படியானால் குளிரூட்டுவதே நான் நம்பும் வழி. காற்றை இயன்றவரை வெளியேற்றி, உறையை நன்றாக ஒட்டி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரமாவது வைக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 அளவிலேயே நிற்பதால் இரண்டு வாரம் வைப்பது நல்லது. வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் உறையைப் பிரிக்கவே கூடாது, ஏனெனில் அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளின் மேலேயே படிந்து தங்கள் தாத்தாவின் எழுத்தைக் கெடுத்துவிடும். தோல் அட்டை, ஒட்டிய புகைப்படம், ஓலைச்சுவடி ஆகியவற்றை மட்டும் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டாமல் குளிரில் வைக்காதீர்கள்.

மறுமொழி 3
தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் மரபு உண்டு. அது பூச்சியை அண்டவிடாமல் தடுப்பதற்கானது. உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்துருண்டை வேண்டாம்; அதன் ஆவி உடலுக்குக் கேடு.

கேட்டவர்
நன்றி. ஐந்து வாரங்களில் மூன்று புத்தகங்களில் மட்டுமே புதிய தூள் கண்டேன். அவை இப்போது ஃப்ரீசரில் உள்ளன. மரப்பெட்டியிலும் துளைகள் இருப்பதால் எதையும் அதில் திரும்ப வைக்கவில்லை. மற்றவற்றை, சுவரைத் தொடாமல் தள்ளி நிறுத்திய இரும்பு பீரோவில் அடுக்கியிருக்கிறேன்.